நாலு கிலோமீட்டர் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: டென்மார்க் பெண்களின் ஆயுள் ஏன் நின்றுபோனது?

கேள்வி இது: டென்மார்க்கும் ஸ்வீடனும் அடுத்தடுத்த நாடுகள். இரண்டும் பணக்கார நாடுகள். இரண்டிலும் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவம், ஒன்றுக்கொன்று நெருங்கிய மொழி, ஒரே மாதிரி குளிர். டென்மார்க்காரர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள், மகிழ்ச்சியான நாடுகளின் பட்டியலில் வருடா வருடம் முன்வரிசையில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் சராசரி ஆயுளில் ஸ்வீடனுக்குப் பின்னால் நிற்பது ஏன்? மரபணுவா, மருத்துவமா, வாழ்க்கைமுறையா? இந்தியாவையும் இலங்கையையும் இதே மாதிரி ஒப்பிடலாமா?

சுருக்கமான பதில்: பெரும்பங்கு புகையிலை, அதற்கு அடுத்தபடி மது. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். ஏனென்றால் இன்றைய டென்மார்க்காரர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு புகைக்கிறார் என்று பார்த்து இன்றைய இறப்புக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு பழக்கமும் ஆளைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. மது சில மாதங்களிலேயே கணக்கில் தெரியும். சிகரெட் முப்பது நாற்பது வருடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது பலர் தவறவிடுவது இந்தக் கால இடைவெளியைத்தான்.

முதலில் மரபணுவை ஒதுக்கிவிடலாம். டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்கும் ஸ்வீடனின் ஹெல்சிங்போரிக்கும் நடுவே இருக்கும் கடல் சுமார் 4 கிலோமீட்டர்தான். ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கோனே மாகாணம் 1658 வரை டென்மார்க்குக்குச் சொந்தம். போரில் தோற்று ரோஸ்கில்ட உடன்படிக்கையில் அதைக் கொடுத்தார்கள். அங்கே இன்று வாழ்பவர்களில் பலருக்கு டென்மார்க் மூதாதையர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் ஸ்வீடன்காரர்களைப் போலத்தான் நீண்ட நாள் வாழ்கிறார்கள். எல்லைக்கோடு நகர்ந்தது, சட்டமும் வரியும் கடையும் மாறின, இரத்தம் மாறவில்லை. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூட நடத்த முடியாது.

இந்த இரண்டு நாடுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்வீடன் 1749 முதல் பிறப்பு இறப்புக் கணக்கைத் தொடர்ந்து எழுதி வருகிறது, தேவாலயப் பாதிரிமார் மூலம் தொடங்கிய வேலை அது. இரண்டு நாட்டிலும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருக்கிறது, ஸ்வீடனில் 1947 முதல், டென்மார்க்கில் 1968 முதல். யார், எந்த வயதில், எந்த நோயில் இறந்தார் என்பதைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாம். நம் ஊரில் இறந்தவரின் வீட்டுக்குப் போய் அறிகுறி கேட்டு, காரணத்தை ஊகிக்க வேண்டிய நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அங்கே அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

சரி, கணக்கைப் பார்ப்போம். 1950-களில் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து எல்லாமே உலகில் அதிக ஆயுள் கொண்ட நாடுகள். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையே பெண்களின் ஆயுளில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம்தான். 1977 வாக்கில்கூட இடைவெளி பெரிதாக மாறவில்லை. அதன் பிறகுதான் ஆச்சரியம். 1977-இலிருந்து 1995 வரை, கிட்டத்தட்ட இருபது வருடம், டென்மார்க் பெண்களின் சராசரி ஆயுள் 77, 78 என்ற அளவிலேயே நின்றுவிட்டது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, ஆட்சி கவிழவில்லை, மருத்துவமனைகள் மூடப்படவில்லை. அதே காலத்தில் ஸ்வீடன் பெண்கள் 81-ஐத் தாண்டிவிட்டார்கள். ஆண்களிலும் இடைவெளி வளர்ந்தது: 1995-இல் டென்மார்க் ஆண்களுக்கு சுமார் 73, ஸ்வீடன் ஆண்களுக்கு 76-க்கும் மேல். உலகப் பட்டியலின் உச்சியில் இருந்த ஒரு நாடு, வளர்ந்த நாடுகளின் வரிசையில் கடைசிப் பகுதிக்கு இறங்கியது. 1990-களின் தொடக்கத்தில் டென்மார்க் சுகாதார அமைச்சகம் இதற்கென்றே ஒரு குழு போட்டது என்றால் அவர்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே சராசரி ஆயுள் என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று பிறக்கும் குழந்தை எத்தனை வயது வரை வாழும் என்ற ஜோசியம் அல்ல அது. இந்த வருடம் ஒவ்வொரு வயதிலும் எவ்வளவு பேர் இறந்தார்களோ, அதே வேகம் என்றைக்கும் நீடித்தால் ஒருவர் சராசரியாக எத்தனை வயது வரை வாழ்வார் என்ற கணக்கு. அதாவது இந்த ஒற்றை எண்ணுக்குள் இருபது வயதுக்காரியும் எண்பது வயதுப் பாட்டியும் சேர்ந்தே இருக்கிறார்கள். வெவ்வேறு காலத்தில் பிறந்து, வெவ்வேறு பழக்கங்களோடு வளர்ந்தவர்கள். எண் நின்றுபோனால் எல்லா வயதினரும் நின்றுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. யாரோ ஒரு கூட்டம் மற்றவர்களை இழுத்துப் பிடித்திருக்கலாம்.

டென்மார்க்கில் நடந்தது அதுதான். பதிவேடுகளை வயதுவாரியாக மட்டும் பார்க்காமல் பிறந்த வருடவாரியாகப் பிரித்தபோது ஒரு தலைமுறை தனியாகத் தெரிந்தது: ஏறக்குறைய 1915-க்கும் 1945-க்கும் இடையில் பிறந்த பெண்கள். அவர்களுக்கு முன்னால் பிறந்தவர்களும் நன்றாக வாழ்ந்தார்கள், பின்னால் பிறந்தவர்களும் அப்படித்தான். இந்த நடுத் தலைமுறை மட்டும் எந்த வயதில் இருந்தாலும் அந்த வயதின் இறப்பைக் கூட்டியது. ஒரு பள்ளியில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் காய்ச்சலில் விழுந்தால், இந்த வருடம் ஆறாம் வகுப்பில் வருகை குறையும், அடுத்த வருடம் ஏழாம் வகுப்பில் குறையும். தலைமை ஆசிரியர் வகுப்பறையில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார், ஆனால் நகர்ந்து போவது பிள்ளைகள். வருடங்களைக் கழித்துப் பாருங்கள்: 1977-இல் இந்தப் பெண்களுக்கு 32 முதல் 62 வயது. 1995-இல் 50 முதல் 80 வயது. சிகரெட் தன் கணக்கைத் தீர்க்கும் வயது சரியாக இதுதான்.

அவர்கள் இறந்த நோய்களும் அதையே சொல்கின்றன. நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய். டென்மார்க் பெண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஐரோப்பாவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. 1970-களில் அங்கே பத்துப் பெண்களில் நான்கு பேருக்கு மேல் புகைத்தார்கள். அவர்களில் பலர் இளவயதிலேயே தொடங்கி நிறையப் புகைத்தவர்கள். சிகரெட் மட்டுமல்ல, சின்னச் சுருட்டும் பெண்கள் கையில் சாதாரணம். 2024 வரை டென்மார்க் அரசியாக இருந்த இரண்டாம் மார்கரேத்த 1940-இல் பிறந்தவர், அதே தலைமுறை. அவர் பொது நிகழ்ச்சிகளில் கையில் சிகரெட்டோடு நிற்கும் படங்கள் ஏராளம். நெடுங்காலம் அதைப் பலரும் பெரிய குறையாகப் பார்க்கவில்லை. அவர் எண்பதைத் தாண்டி வாழ்கிறார், அது வேறு. ஒரு தலைமுறைக்கே அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

ஏன் அங்கே மட்டும் அப்படி? டென்மார்க் பெண்கள் வேலைக்குப் போவதிலும், தாங்களே சம்பாதிப்பதிலும், ஆண்களுக்குச் சமமாகப் பொது இடத்தில் உட்கார்வதிலும் ஐரோப்பாவில் முன்னோடிகள். சிகரெட் அந்தச் சுதந்திரத்தின் அடையாளமாக அவர்களுக்கு விற்கப்பட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் பகுதி. போராடிப் பெற்ற ஒரு நல்ல விஷயத்தின் மேல் ஒரு வியாபாரம் ஏறி உட்கார்ந்து, நாற்பது வருடம் கழித்து அதே பெண்களின் உயிரை எடுத்தது. அவர்கள் தொடங்கும்போது அபாயத்தை யாரும் சொல்லவில்லை. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் வெளியிட்டதே 1950-இல்தான். அதற்குள் இந்தத் தலைமுறையில் மூத்தவர்களுக்கு முப்பத்தைந்து வயது. அதனால் இதை டென்மார்க்காரர்களின் சுபாவம் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது.

எதிர்க்கரையில் என்ன நடந்தது? ஸ்வீடனில் 1915 முதல் 1961 வரை புகையிலை அரசின் ஏகபோகம். போட்டி போட்டு விளம்பரம் செய்து புது வாடிக்கையாளரைத் தேட வேண்டிய அவசரம் அரசு கம்பெனிக்கு அவ்வளவு இல்லை. 1977-இல் சிகரெட் பெட்டிகளில் மாறி மாறி வரும் எச்சரிக்கை வாசகங்களை அச்சிட்ட முதல் நாடும் ஸ்வீடன்தான். அப்புறம் ஸ்னூஸ். ஈரமான பொடிப் புகையிலையை மேல் உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வது அவர்களின் பழைய வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் அதைத் தடை செய்தது. 1995-இல் ஸ்வீடன் சேரும்போது தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. ஸ்வீடன் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு ஸ்னூஸ் ஒரு காரணம் என்று பலர் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண்களின் இடைவெளிக்கு அது விடையாகாது. அந்தத் தலைமுறை ஸ்வீடன் பெண்கள் ஸ்னூஸ் வைப்பது அபூர்வம். அவர்கள் டென்மார்க் பெண்களைவிடக் குறைவாகப் புகைத்தார்கள், அவ்வளவுதான். ஸ்னூஸும் நிகோடின் அடிமைத்தனம்தான். நம் ஊர் பான்பராக், குட்கா வகையறாவோடு அதைச் சேர்த்துப் பார்த்து, மெல்லும் புகையிலை பரவாயில்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இங்கே வாய்ப்புற்றுநோய் எவ்வளவு என்பதை எந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலும் நேரில் பார்க்கலாம்.

மது விஷயத்தில் இரண்டு நாடுகளும் பிரிந்த கதை இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் பிரிந்தது ஏறக்குறைய ஒரே சமயத்தில். முதல் உலகப்போர் சமயம். ஸ்வீடனில் ஈவான் பிராட் என்ற மருத்துவர் ஒரு ரேஷன் முறையைக் கொண்டுவந்தார். குடிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம். எவ்வளவு வாங்கினாரோ அதில் பதிவாகும். மாத அளவு தாண்டினால் கிடையாது. திருமணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகமே இல்லை, அது அநியாயம்தான். 1922-இல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, மயிரிழையில் வேண்டாம் என்று முடிவானது. புத்தக முறை 1955-இல் முடிந்து, அரசுக் கடையான சிஸ்டம்போலாகெட் வந்தது. இன்றும் 3.5 சதவீதத்துக்கு மேலான பீரைக்கூடப் பொதுவாக அங்கேதான் வாங்க வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும், சனிக்கிழமை பிற்பகலே கடை மூடிவிடும், ஞாயிறு கிடையாது. டாஸ்மாக்கும் அரசு ஏகபோகம்தானே என்று கேட்பீர்கள். உருவம் ஒன்று, நோக்கம் வேறு. சிஸ்டம்போலாகெட்டின் வேலையே மதுவால் வரும் கேட்டைக் குறைப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விற்பனையைக் கூட்டுவது அதன் இலக்கு அல்ல.

டென்மார்க் 1917-இல் வேறு வழியில் போனது. அக்வாவிட் என்ற சாராயத்தின் மேல் வரியை ஏற்றி, ஒரு பாட்டில் விலையை ஒரே அடியாகப் பத்து மடங்குக்கும் மேல் உயர்த்தியது. போரால் தானியம் இல்லை, சாராயம் காய்ச்சித் தொலைக்க மனமில்லை, அதுதான் காரணம். விளைவு உடனே தெரிந்தது. குடிவெறியில் கைகால் நடுங்கி, பிதற்றி இறப்பவர்களின் எண்ணிக்கை படுவேகமாக விழுந்தது. மக்கள் சாராயத்தை விட்டுப் பீருக்கு மாறினார்கள். அந்த மாற்றம் நிலைத்தது. ஆனால் 1960-களில் வருமானம் கூடியபோது பீரும் வைனும் தாராளமாக ஓடத் தொடங்கின, தடுக்க அரசுக் கடை எதுவும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மது. குறைந்தபட்ச வயது என்ற சட்டமே கடைகளுக்கு 1998-இல்தான் வந்தது, அதுவும் 15 வயது என்று. ஐரோப்பியப் பள்ளி மாணவர் ஆய்வுகளில் போதை ஏறக் குடிக்கும் பதினைந்து பதினாறு வயதினரில் டென்மார்க் பிள்ளைகள் திரும்பத் திரும்ப முதல் வரிசையில் வருவதற்கு இந்த வரலாறும் காரணம். கல்லீரல் நோய் இறப்பிலும் டென்மார்க் ஸ்வீடனைவிட மேலே இருந்திருக்கிறது.

அதே 1917, 18 பற்றி இன்னொரு விஷயம். அப்போது டென்மார்க்கில் உணவு ஆலோசகராக இருந்த மருத்துவர் மிக்கெல் ஹின்ட்ஹேத, பன்றிகளை அறுத்துவிட்டு அவற்றுக்குப் போட்ட தானியத்தையும் உருளைக்கிழங்கையும் மனிதர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். தவிட்டு ரொட்டி, காய், கஞ்சி என்று நாடே சாப்பிட்டது. அந்த ஒரு வருடம் இறப்பு வெகுவாகக் குறைந்தது. சைவ உணவுக்காரர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் சாராயம் கிடைக்காமல் போனதும் அதே வருடம்தான். ரொட்டியா, சாராயமா, எது எவ்வளவு காப்பாற்றியது என்று இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. வாழ்க்கைமுறை ஒப்பீடுகளில் இந்தச் சிக்கல் எங்கும் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு மாறினால், தனக்குப் பிடித்ததற்கு ஆள் பெயர் சூட்டிவிடுவார்.

மது எவ்வளவு சீக்கிரம் கணக்கில் தெரியும் என்பதற்குக் கிழக்கே இன்னொரு எல்லை இருக்கிறது. 1985 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பச்சோவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் இரண்டே வருடத்தில் இரண்டு வயதளவு ஏறி 65-ஐத் தொட்டது. இயக்கம் தளர்ந்தது, சோவியத் ஒன்றியம் உடைந்தது, மலிவு வோட்கா பெருகியது. 1994-இல் அந்த எண் 58-க்கும் கீழே. எல்லைக்கு மறுபுறம் பின்லாந்து ஆண்களுக்கு அப்போது 72-க்கும் மேல். அடுத்தடுத்த நாடுகளுக்குள் ஏறக்குறைய பதினைந்து வருட இடைவெளி. ரஷ்யாவில் அந்த வருடங்களில் வேலை, சம்பளம், பாதுகாப்பு எல்லாமே குலைந்தன என்பது உண்மை. ஆனால் இயக்கம் நடந்தபோது ஏறி, முடிந்ததும் விழுந்த அந்த வளைவைப் பார்த்தால் மதுவின் கை பளிச்சென்று தெரியும். சிகரெட்டால் இப்படி இரண்டு வருடத்தில் ஏற்றி இறக்க முடியாது.

மருத்துவத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் சிறியது. 1990-களில் புற்றுநோய் கண்டவர்கள் ஐந்து வருடம் பிழைக்கும் விகிதம் டென்மார்க்கில் ஸ்வீடனைவிடக் குறைவு. நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள், சிகிச்சைக்கான காத்திருப்பும் நீண்டது. 2000-இல் தேசியப் புற்றுநோய்த் திட்டம், 2008 வாக்கில் ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் இத்தனை நாளுக்குள் இந்தப் பரிசோதனை, இந்தச் சிகிச்சை என்ற வரையறை என்று கொண்டுவந்து நிலைமையை மாற்றினார்கள். அது நன்றாக வேலை செய்ததைப் பார்த்து 2015-இல் ஸ்வீடனே அதைக் காப்பியடித்தது. கொழுப்பு விஷயத்திலும் டென்மார்க் முன்னோடிதான். 2003-இல் டிரான்ஸ் கொழுப்பைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திய முதல் நாடு அது. எண்ணெயில், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. ஆக, ஒரு நாடு உடல்நலத்தில் பொதுவாகப் பின்தங்கியது என்று முத்திரை குத்துவது சரியில்லை. ஒன்றில் முந்தும், இன்னொன்றில் சறுக்கும்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இந்தியாவையும் இலங்கையையும் இதே மாதிரி ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். டென்மார்க், ஸ்வீடன் இரண்டிலும் பிறந்த குழந்தைகள் இறப்பது மிகக் குறைவு, அதனால்தான் இடைவெளி பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் வந்து நின்றது, பழக்கவழக்கம் பெரிதாகத் தெரிந்தது. இந்தியாவில் 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 13. இலங்கையில் அதிலும் பாதி அளவு. சராசரி ஆயுளில் இந்தியாவைவிட இலங்கை முன்னால் இருப்பதில் பெரும்பங்கு இங்கேதான்: தாய்சேய் நலம், கிராமம் வரை போன மருத்துவச்சி, பெண்கள் படித்தது, மலேரியாவை ஒழித்தது. அதைச் சொல்லாமல் சோறா சப்பாத்தியா என்று விவாதிப்பது வீண். வாழ்க்கைமுறையின் தடத்தைப் பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குள்ளேயே ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுங்கள். பெண்கள் ஆறு வருடம் போல அதிகம் வாழ்கிறார்கள். அங்கே பெண்கள் புகைப்பதும் குடிப்பதும் மிகக் குறைவு, ஆண்கள் அப்படியில்லை. இடைவெளி முழுவதுக்கும் இது காரணம் என்று சொல்ல மாட்டேன், விபத்தும் இதய நோயும் சேரும், ஆனால் நான் முதலில் தோண்டும் இடம் அதுதான்.

ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 2020-இல் ஸ்வீடனின் சராசரி ஆயுள் கொரோனாவால் சட்டென்று குறைந்தது, டென்மார்க்கில் குறையவில்லை. அந்த வருடத்தை மட்டும் எடுத்தால் டென்மார்க் ஸ்வீடனை வெகுவாக நெருங்கிவிட்டது போலத் தோன்றும். அடுத்த ஆண்டுகளில் ஸ்வீடன் மீண்டும் ஏறிவிட்டது.

கடைசியாக, டென்மார்க் பிடித்துவிடுமா? 1995-க்குப் பிறகு டென்மார்க் பெண்களின் ஆயுள் மீண்டும் ஏறத் தொடங்கியது, நல்ல வேகத்தில். அந்தத் தலைமுறை வயதாகி, கணக்கிலிருந்து மெல்ல விலகியது அதற்கு முக்கியக் காரணம். இப்போது பெண்களில் இடைவெளி ஒரு வருடத்தை ஒட்டி இருக்கிறது, ஆண்களில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் டென்மார்க்கில் தினமும் புகைப்பவர்களின் விகிதம் இன்றும் ஸ்வீடனைப் போல இரண்டு மடங்கு அளவு. புகையில்லாத மதுக்கூடம் (உட்கார்ந்து குடிக்கும் பார்) என்ற சட்டம் ஸ்வீடனில் 2005-இல் வந்தது. டென்மார்க்கில் 2007-இல் வந்தபோது 40 சதுர மீட்டருக்குக் குறைவான சின்ன மதுக்கூடங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். விலையை உருப்படியாக ஏற்றியதே 2020-இல்தான். இருபது சிகரெட் உள்ள பெட்டி 40 குரோனரிலிருந்து 55 குரோனருக்குப் போனது. அந்த விலையைப் பார்த்துத் தொடங்காமல் விட்ட பிள்ளைகளின் கணக்கு 2050-க்குப் பிறகுதான் இறப்புப் பதிவேட்டில் தெரியும். நடுவயதில் விட்டவர்களின் பலன் அதற்கு முன்பே வரும்: பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த டாலின் ஆய்வில், விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் இழந்தார்கள், அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருடமும், ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு வருடமும், நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது வருடமும் திரும்பக் கிடைத்தன.